ஒரு நாள்கூட விடலை

"உங்க துணியை மட்டும் ஏன் நீங்களே துவைச்சுக்கிறீங்க?"

"சும்மாதான். உனக்கு எதுக்கு வீண் வேலை?"

வாளியைத் தூக்கிக்கொண்டு கணவர் மாடிக்குப் போய்விட்டார். சலவைக்கடைக்காரி கையிலிருந்த துணி மூட்டையைப் பொத்தென்று போட்டாள். ஊர்த் துணியெல்லாம் கீழே அவள் கடையில் வெளுக்கிறது. கட்டிய புருஷன் சட்டைக்கு மட்டும் தனி வாளி, தனி சோப்பு, தனிக் கொடி.

கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"நான் சொன்னா கோவிச்சுப்பே."

"பரவாயில்ல, சொல்லு."

"ஆம்பளை தன் துணியைத் தானே துவைக்கிறான்னா, எதையோ அலசி விடுறான்னு அர்த்தம்."

தங்கைக்கும் அதுதான் பயம். துணி பொய் சொல்லாது என்பது தொழிலில் அவள் கண்டது. காலரில் ஒட்டிய நீள முடி, சட்டைப் பையில் கசங்கிய சினிமா டிக்கெட் என்று எத்தனையோ வீட்டு ரகசியங்கள் அவள் கையில் நனைந்திருக்கின்றன. யாரிடமும் மூச்சு விட்டதில்லை. இப்போது சொந்த வீட்டுத் துணி அவளிடமே வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

"வேற என்னடி மாறியிருக்கு?"

"தலையை ஒட்ட வெட்டிக்கிட்டார். தொப்பை காணாமப் போச்சு. பாத்ரூம் போனா ரெண்டு தடவை தண்ணி விடுறார்க்கா. இத்தனை வருஷமா ஒரு தடவை விட வைக்கவே நான் கத்தணும்."

"ம்."

"உள்ளங்கையில க்ரீம் தடவிக்கிறார். உள்ளங்கால்லயும்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற மனுஷனுக்கு உள்ளங்காலில் க்ரீம் என்றால் விஷயம் முற்றித்தான் போயிருக்கிறது.

"சாப்பிட்டு முடிச்சதும் போன்ல மணி அடிக்குது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிறார். கேட்டா ஆபீஸ் வேலையாம். கண்டக்டருக்கு வீட்டுல என்னக்கா ஆபீஸ் வேலை? பீரோவுல ஒரு தகர டப்பா, அதுக்கு ஒரு பூட்டு வேற. நேத்து கதவுல காதை வச்சுக் கேட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

சொல்ல நாக்குக் கூசியது. ஆனாலும் சொன்னாள்.

"அந்தப் பக்கம் பொம்பளைக் குரல். இவர் சொல்றார், 'ஒரு நாள்கூட விடலைங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சா தாங்கமாட்டா'ன்னு. அவ ஏதோ கேட்கவும், 'சரிங்க, ஒரு தடவை விட்டுப்போச்சுன்னா, அடுத்த தடவை சேர்த்து ரெண்டு வேணாம், புரியுது'ங்கிறார்."

அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது என்னவோ முழுவதையும் கேட்டு முடித்த பிறகுதான்.

சற்று நேரத்தில் கணவர் சீருடையில் இறங்கி வந்து, முகத்தைப் பார்க்காமலே வேலைக்குக் கிளம்பினார். பின்னாலேயே இருவரும் மாடி ஏறினார்கள். அவசரத்தில் அவர் பழைய கால்சட்டையைக் கதவில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். தொழில் பழக்கத்தில் அவள் கை தானாகப் பைக்குள் போயிற்று. சாவி வந்தது.

பீரோவிலிருந்து டப்பாவை எடுத்துப் பூட்டில் சாவியை நுழைத்தாள். கடவுளே, இன்னொருத்தி மட்டும் இருக்கக் கூடாது. வேறு எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

உள்ளே காதல் கடிதமும் இல்லை, போட்டோவும் இல்லை. வாயில் நுழையாத பெயர் ஒட்டிய வெள்ளைப் புட்டி ஒன்றுதான் இருந்தது. உள்ளங்கையில் கவிழ்த்தாள். ரோஸ் நிற மாத்திரைகள் விழுந்தன.

"அடப் பாவி மனுஷா," என்றாள் அக்கா. "இந்த வயசுல இதுக்கு மாத்திரை வேறயா?"

"அதைத் தொடாதே."

சாவியைத் தேடித் திரும்பி வந்த கணவர் வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. மாத்திரைகளை அப்படியே புட்டியில் போடச் செய்து, அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனார்.

"வெறுங்கையால தொட்டுட்டியே. சோப்பு போட்டு நல்லாத் தேய். இன்னொரு தடவை தேய்."

அவர் அவள் கையைப் பிடித்தே எத்தனையோ நாளாயிற்று. அந்தப் பிடியில் அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"யாருங்க அவ?"

"எவ?"

"போன்ல பேசுறவ. ஒரு நாள்கூட விடாம..."

அவர் குழாயை மூடினார். க்ரீம் தடவிய உள்ளங்கைகள் சிவந்து, தோல் உரிந்திருப்பதை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"அது ஆஸ்பத்திரி நர்ஸும்மா. மாத்திரையை வேளை தவறாம போடுறேனான்னு கேட்பாங்க. இது கேன்சருக்கு. மத்தவங்க கை படக் கூடாது. வேர்வையிலகூட மருந்து இறங்குமாம், துணியைத் தனியாத் துவைக்கச் சொன்னாங்க. உன்கிட்ட போட்டா நீ வெறுங்கையாலதானே கசக்குவே."

அக்கா சத்தமில்லாமல் படி இறங்கிப் போய்விட்டாள்.

"அப்போ... சின்ன வீடுன்னு யாரும் இல்லையா?"

"சத்தியமா யாரும் இல்லம்மா."

அவள் ஈரக் கையால் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்து தொலைச்சிருக்கக் கூடாதாங்க?" என்று கதறினாள்.