பொம்மையின் நெஞ்சு வலி

"நான் ஸ்டாப் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது ஷெர்லி. பொம்மைன்னு நெனைக்காத, உயிருள்ள மனுசன்னு நெனைச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுக் கமலநாதன் சார், வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போனார்.

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தாதியர் கல்லூரியின் செய்முறைத் தேர்வு. ஏற்கெனவே ஒரு முறை தோற்ற ஷெர்லிக்கு இது இரண்டாவது வாய்ப்பு. கட்டிலில் ஆளுயரப் பொம்மை கிடந்தது. தேர்வுத் தாளின்படி, பக்கத்து ஊரான மேருவில் லோரியிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவராம்.

"மிஸ்ஸி, கால் வலி உயிர் போகுது," என்றது பொம்மை.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அங்கிள்," என்று கட்டுப் போட ஆரம்பித்தாள்.

"நெஞ்சு... நெஞ்சை அடைக்குது..."

அவள் கட்டை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். கால் ஒடிந்தவருக்கு நெஞ்சு வலியா? பக்கத்துத் திரையில் இதயத் துடிப்பு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இதில் ஏதோ பொறி இருக்கிறது.

"வலி கைக்கு இறங்குதா அங்கிள்?"

"ஷெர்லி... முடியலம்மா..."

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. அவள் பதறிப்போய்ப் பொம்மையின் நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். யாரும் ஸ்டாப் சொல்லவில்லை.

"திமோத்தி, இதுக்கு எப்படி என் பேர் தெரியும்?"

அடுத்த தேர்வுக்காக மூலையில் காத்திருந்த திமோத்தி எழுந்தான். "மெஷின் கோளாறு லா. சார்கிட்ட கேட்டுட்டு வரேன்," என்று கண்ணாடி அறைக்குப் போனான்.

பெயிலாகிவிடும் பயத்தில் அவள் அழுத்துவதை நிறுத்தவில்லை.

சட்டென்று பொம்மையின் வாயிலிருந்து திமோத்தியின் குரல் அலறியது.

"ஷெர்லி, அதை விட்டுட்டு இங்க ஓடி வா! சார் மைக் மேலயே விழுந்து கிடக்காரு!"