எட்டாவது பிரீசெட்

ரெக்கார்டரின் நெட்வொர்க் எண்ணைத் தொழில் தெரிந்தவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்றொரு நம்பிக்கை நாட்டில் பரவலாக இருக்கிறது. பெரும் பிழை. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபங்களில் அதைத் தீர்மானிப்பவர் பெண்ணின் பெரியப்பா.

"ஏம்மா, இது என்ன நம்பர்?" வெள்ளைச்சாமி திரையில் விரலை வைத்தார்.

கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டே இணையத்தில் நேரலையாகவும் அனுப்பும் கருவி அது. வீடியோ எடுக்க வந்திருந்த சபீனா நிமிர்ந்தாள்.

"ஐ.பி. அட்ரஸ்ங்க. மண்டபத்து வைஃபையில இந்த மெஷினுக்கு வீட்டு நம்பர் மாதிரி."

"192.168.1.7." உதடு அசைய ஒவ்வோர் எண்ணாகக் கூட்டினார். "முப்பத்தஞ்சு. மூணும் அஞ்சும் எட்டு. சனி! முகூர்த்தத்துக்கு அரை மணிதான் இருக்கு, சனியைக் கொண்டாந்து உக்கார வெச்சிருக்கியே!"

சபீனா கடைசி எண்ணை ஐந்தாக்கினாள்.

"முப்பத்து மூணு. கூட்டினா ஆறு. சுக்கிரன்! கல்யாணத்துக்குன்னே பொறந்த எண்." அவர் முகம் மலர்ந்தது. "சரி, நேரலைக்குப் பூட்டு போட்டாச்சா? அந்த உறையூர்க்காரி கண்ணுல எதுவும் படக்கூடாது."

உறையூர்க்காரி என்பது அவருடைய தம்பி சண்முகசுந்தரத்தின் மூத்த மகள் மட்டுவார்குழலி. உறையூர் அமிர்தராஜைக் காதலித்துக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இந்தக் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் மட்டும்தான். தங்கை கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை.

சண்முகசுந்தரம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டிருக்கேங்க," என்றாள் சபீனா. "பாஸ்வேர்ட் தெரிஞ்ச சொந்தக்காரங்க மட்டும்தான் பாக்க முடியும். எல்லாத்தையும் செட் பண்ணி, எட்டாவது பிரீசெட் பட்டன்ல சேவ் பண்ணி வெச்சிருக்கேன். அதை அமுக்கினா போதும்."

"எட்டா?"

பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார் வெள்ளைச்சாமி.

"ஆறாவதை அமுக்கு."

"ஐயா, ஆறுல வேற செட்டிங் இருக்கு. அது வந்து..."

"உனக்கு மெஷின் தெரியும். எனக்கு எண் தெரியும். அமுக்கும்மா!"

சபீனா பெண்ணின் அப்பா சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள்.

"அண்ணன் சொல்றபடியே செஞ்சுடுங்கம்மா," என்றார் அவர். இந்த ஒரே வாக்கியத்தைச் சொல்லி அறுபது வயதைக் கடந்தவர்.

ஆறு அமுக்கப்பட்டது. சுக்கிரனை நிலைநாட்டிய திருப்தியோடு வெள்ளைச்சாமி டிபன் பந்திக்குப் போனார்.

சபீனா சண்முகசுந்தரத்திடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நேத்து நீங்க சொன்னப்ப நான் நம்பலைங்க. பூட்டை எட்டுல வைங்க, அண்ணனே வேண்டாம்பாரு, ஆறுல திறந்து வைங்கன்னீங்க. அப்படியே நடந்துடுச்சு. இப்ப யார் வேணா பாக்கலாம்."

"அவளுக்குக் காலையிலேயே லிங்க் அனுப்பிட்டேன்."

"உறையூர் என்னங்க, டவுன் பஸ்ல அரை மணி நேரம். நேர்லயே கூப்பிட்டிருக்கலாமே?"

"அதுக்குத் தைரியம் வேணும்மா. இதுக்கு ஒரு பட்டன் போதும்."

சொல்லிவிட்டு மேடையேறினார்.

தாலி கட்டி முடிந்தது. நேரலையின் கீழே 'வாழ்க வளமுடன்' வரிசையாக விழுந்துகொண்டிருந்தது. நடுவில் மட்டுவார்குழலியின் பெயரில் ஒரு வரி: 'அப்பா, துண்டு நழுவுது.'

சபீனா கேமராவுக்குப் பின்னாலிருந்து தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.

சண்முகசுந்தரம் துண்டைச் சரிசெய்துகொண்டார்.