ஒன்றரை மணி நேரத்தில் வந்த ஈ

தூத்துக்குடியில் மக்ரூன் பெட்டியோடு விமானம் ஏறிய ஈ ஒன்று, சென்னையில் இறங்கியதும் நேராகப் போய் விமான நிலையக் கேன்டீன் லட்டுத் தட்டின் உச்சியில் உட்கார்ந்தது. அங்கேயே குடியிருந்த கிழட்டு ஈக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார்ரா நீ? அது என் இடம்."

"ஐந்நூறு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்துல பறந்து வந்துருக்கேன் அண்ணாச்சி. நீங்க இந்தத் தட்டை விட்டு எங்கயாச்சும் பறந்துருக்கியளா?"

மற்ற ஈக்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. நம் ஈ சொன்னதில் பொய்யும் இல்லை. முதல் வரிசைக்கும் கழிவறைக்கும் நடுவே அது ஓயாமல் பறந்துகொண்டுதான் வந்தது. பயணிகள் எங்கே உட்கார விட்டார்கள்?

"அப்போ திரும்பிப் பறந்து காட்டு. இடத்தை உனக்கே விட்டுடறேன்" என்றது கிழட்டு ஈ.

நம் ஈ கண்ணாடி வழியே வெளியே பார்த்தது. விமானம் வெயிலில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"எனக்கென்ன, இப்பவே கிளம்பிருவேன்" என்று லட்டில் காலைத் தேய்த்துக்கொண்டது. "ஆனா எங்கூட வந்த பிளேன் இன்னும் களைப்பு தீராம நிக்கி. நான் பாட்டுக்குக் கிளம்பிட்டா, பாவம், அதுக்கு வழி தெரியாது அண்ணாச்சி."