உங்கம்மாகிட்ட சொல்லு

பதினேழு வருடங்களாக அந்த வீட்டின் பேச்செல்லாம் தமயந்தியின் வழியாகத்தான் போய் வந்தது. "உங்கப்பாகிட்ட சொல்லு, தோசை ஆறுது" என்பாள் அம்மா. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அது நன்றாகவே கேட்கும். ஆனாலும் மகள் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவர் கை தட்டுக்குப் போகும்.

இன்று அவளுடைய பெட்டி வாசலில் நின்றது. பெங்களூரில் வேலை. பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

"உங்கம்மாகிட்ட கேளு, இனிமே போஸ்ட்மேன் யாராம்?"

"மனுசனுக்கு வாய் இருக்குல்ல? அன்னைக்கே ஒரு தடவை, தப்பு என்மேலன்னு சொல்லியிருந்தா நான் பேசியிருப்பேன்னு சொல்லுடி."

அம்மா இதைச் சொல்வது இதுதான் முதல் தடவை.

ஆனால் தமயந்திக்குத் தெரியும். அப்பா சொல்லியிருந்தார். சண்டை நடந்த மூன்றாம் நாள், ஒன்பது வயது மகளை மாடிக்குக் கூப்பிட்டு, "உங்கம்மாகிட்ட சொல்லு, தப்பு என்மேலதான்" என்றார். அவள் சமையலறை வரை ஓடினாள். இருவரும் தன்னிடம் மட்டுமே பேசிய அந்த மூன்று நாட்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மாடியேறி, "அம்மா ஒண்ணும் சொல்லலப்பா" என்றாள்.

இப்போது அப்பா மனைவியை நேராகப் பார்த்தார். பிறகு மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு. அன்னைக்கு மாடியில நான் என்ன சொல்லி அனுப்பினேன்னு சொல்லு."

அம்மா அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.