குளிர்காற்றின் கனம்

படகில் பாய் ஏற்றுமுன் வாயால் ஊதிப் பார்ப்பது கம்ஷாத்தின் வழக்கம். மூச்சு வெண்புகையாகத் தெரிந்தால், காற்று பிடிக்கும் பரப்பு குறையும்படி பாயின் அடியை ஒரு மடிப்பு மடித்துக் கட்டிவிடுவாள். இன்று அவள் கட்டியதைக் கொழுந்தன் எர்ஜிகித் அவிழ்த்துவிட்டான். அக்தாவ் துறைக்கு அப்பால், காஸ்பியன் கடலின் சாம்பல் ஒளியில், கிழிந்த பாய் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மற்றப் படகுகள் மிதவையைச் சுற்றித் திரும்புகின்றன. பாய்மரக் கழகத்தின் படகுக்கு அடுத்த ஆண்டுத் தலைமை யாருக்கு என்பதை இந்தப் பந்தயமே தீர்மானிக்கும். "ஆகஸ்ட்லயும் காத்து இதே வேகந்தான் அண்ணி, முழுப் பாய்லதானே ஓடினோம்?" என்று அவன் காற்றுமானியை நீட்டுகிறான். "ஆட்டுக்குட்டி ஓடிவந்து முட்டுறதும் ஒட்டகம் ஓடிவந்து முட்டுறதும் ஒண்ணாடா? குளிர்ந்த காத்து கனம். அந்தப் பொம்மைக்கு அது தெரியுமா?" சுக்கானைப் பிடித்திருக்கும் அவள் விரல்கள் வெளுத்திருக்கின்றன. பயிற்சியாளரின் விசைப்படகு அருகில் வந்து நிற்கிறது. "இந்தக் குளிர்ல மடிப்பில்லாமலா பாய் ஏத்தினே, கம்ஷாத்? உன்னை நம்பி எப்படிம்மா படகைக் குடுக்கிறது?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிழிசலையே பார்க்கிறாள். எர்ஜிகித் எழுந்து நிற்கிறான். படகு ஒருபக்கம் சாய்ந்து ஆடுகிறது. "அவங்க மடிச்சுக் கட்டித்தான் வச்சிருந்தாங்க, மாஸ்டர். வேண்டாம்னு சொல்லச் சொல்ல அவுத்துவிட்டது நான்."