ஏன் இந்தப் பரிசோதனை?

“உள்ள இதயம் தடிச்சிருக்குன்னு ரத்தத்துக்கு எப்படி டாக்டர் தெரியும்?”

பதின்மூன்று வயது தனுஷிகா கேட்டதும் டாக்டர் பூரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஹட்டன் பஜார் மாடியில் அவருடைய சின்ன கிளினிக்.

“தசை தடிச்சா இதயம் கஷ்டப்பட்டு வேலை செய்யும். அப்போ சில புரதம் ரத்தத்துல கூடிப்போகும். அதுல சந்தேகந்தான் வரும். ஸ்கேன்ல பாத்துத்தான் உறுதி பண்ணணும்.”

“எனக்கு?”

“ரத்தத்துல கூடியிருந்துச்சு. ஸ்கேன்லயும் கொஞ்சம் தடிப்பு தெரியுது. ஆரம்பந்தான், பயப்படாத. மருந்து இருக்கு. ஓட்டப்பந்தயம் மட்டும் இப்போதைக்கு வேணாம்.”

பக்கத்தில் இருந்த அம்மா கிருஷாந்தி எழுந்து கதவைத் திறந்தாள். மகளை வெளியே உட்காரச் சொல்லி அனுப்பினாள்.

“மலை ஏறுனா மூச்சு வாங்குதுன்னுதான் டாக்டரம்மா கூட்டியாந்தேன். மத்தவங்க எல்லாரும் சளின்னுதான் சொன்னாங்க. நீங்க மட்டும் எப்படிங்க இந்த டெஸ்ட எடுக்கச் சொன்னீங்க?”

“இது பெரும்பாலும் பரம்பரையா வர்றது” என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

கிருஷாந்தி கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

“அவ நான் பெத்த புள்ள இல்லீங்க. எங்க அக்கா புள்ள. அக்கா தேயிலைக் கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கையிலேயே சுருண்டு விழுந்து போயிட்டா. இவ அப்போ கைப்புள்ள. யாரும் சொல்லிடக் கூடாதுன்னு அந்தத் தோட்டத்த விட்டே வட்டவளைக்கு வந்துட்டோம்.”

“தெரிஞ்சா என்ன?”

“அப்புறம் என்னைய அம்மான்னு கூப்புடுவாளாங்க?”

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஊசியை எடுத்தார்.

“கைய நீட்டுங்க. உங்களுக்கும் ரத்தம் எடுக்கணும். அப்புறம் ஸ்கேன்.”

“எனக்கு எதுக்குங்க? நான் நல்லாத்தானே இருக்கேன்?”

“நீங்களே சொல்லிட்டீங்க, இனி நானும் சொல்லலாம். போன தடவ நீங்க டெஸ்டுக்கு நம்பர் துண்டு எடுக்க வெளிய போனப்போ உங்க மக என்கிட்ட மெதுவாச் சொன்னா: ‘என்னையப் பெத்தவங்க கொழுந்து மலையில விழுந்து செத்துட்டாங்க. அவங்களோட கூடப்பொறந்த தங்கச்சிதான் எங்க அம்மா. எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, அழுவாங்க. ஆனா எப்படியாவது எங்க அம்மா ரத்தத்தையும் பாத்துருங்க டாக்டர்.’”