தூக்கிக் காட்டு

"போனை மேசை மேல வைக்கக் கூடாதுன்னு சொன்னேனே மேடம். பைக்குள்ள போடுங்க."

மேற்பார்வையாளர் அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, கூரையிலிருந்த கேமராவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். முப்பது வயதுகூட இருக்காது. அடையாள அட்டையை நாடாவோடு சட்டைப் பைக்குள் செருகியிருந்தார்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். நீண்ட மேசைகளில் புரோகிராமர்கள் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கழுத்திலும் அட்டை தொங்கும் ஆரஞ்சு நாடா. ஒரு நாள் சோதனை வேலைக்கு வந்தவர்கள் என்று அர்த்தம். வேலை கிடைத்தால் நீல நாடா. அந்த நீலத்துக்காகத்தான் காலையிலிருந்து வாயை மூடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேலை போய் அரை வருடமாகிறது. போன மாதம் கணவருக்கும் போய்விட்டது.

"பாத்ரூம் போயிட்டு வரலாமா சார்?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். தலை பாதி நரைத்தவர்.

"மணி அடிக்கும். அப்பப் போங்க."

"ஒண்ணாங்கிளாஸ்லகூட விரலைக் காட்டினா விட்டாங்கம்மா," என்று நரைத்தவர் அவளிடம் முணுமுணுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் இருந்த கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மருந்துக்கடைச் செயலியில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போகிறது. பிழையைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கீழே வாடிக்கையாளர் எழுதிய புகார். அதில் இன்றைய தேதி.

எழுந்து நின்றாள்.

"சார், இது டெஸ்ட் இல்லையே. இன்னிக்குக் காலையில வந்த புகார். உங்க கம்பெனி வேலையை எங்களை வச்சு ஓசியில முடிக்கிறீங்க."

தட்டச்சுச் சத்தம் மொத்தமாக நின்றது.

"கை வேலை செய்யட்டும் மேடம். வாய் வேண்டாம்."

"எட்டு வருஷம் இந்த வேலை பாத்திருக்கேன்."

"எட்டு வருஷமா இருந்தா என்ன? இனிமே இது ஜம்பமா உக்கார்ற உத்தியோகம் இல்ல. கூலி வேலை மாதிரிதான். பிடிக்கலைன்னா போங்க. வெளிய வரிசையில ஆள் நிக்குது."

"கூலி வேலையைக் கேவலப்படுத்தாதீங்க சார். எங்கப்பா மூட்டை தூக்கினவர். ஒரு நாள் சும்மா தூக்கிக் காட்டு, நாளைக்குச் சொல்றேன்னு அவர்கிட்ட எவனும் சொன்னதில்ல. தூக்கின அன்னிக்கே காசு வாங்கிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்."

மேற்பார்வையாளருக்கு ஏதோ சொல்ல வந்ததைப் போல உதடு அசைந்தது. பிறகு கேமராவைப் பார்த்தார். குரலை உயர்த்தினார்.

"உக்காருங்க. இல்ல, கிளம்புங்க."

"உக்காரும்மா," என்றார் நரைத்தவர் மெல்ல. "எனக்கு இது நாலாவது கம்பெனி. எல்லா இடத்துலயும் இதே பாட்டுதான்."

போயிருக்கலாம். ஆனால் உட்கார்ந்து பிழையைத் திருத்தினாள். அவள் விசைகளைத் தட்டிய வேகத்தில் நாற்காலியே ஆடியது.

சாயங்காலம் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "ரிசல்ட் நாளைக்கு மெசேஜ்ல வரும்."

வாசலில் காவலாளியிடம் அட்டையைக் கொடுத்த பிறகும் அவள் போகவில்லை. நாளெல்லாம் விழுங்கியதை அந்த மேற்பார்வையாளரின் முகத்துக்கு நேரே துப்பிவிட்டுத்தான் போவது என்று நின்றாள். வேலை கிடைக்காவிட்டால் போகட்டும்.

கடைசி ஆளாக மேற்பார்வையாளர் வந்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் காவலாளி அவர் முன் கையை நீட்டினார்.

அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து அட்டையை உருவிக் கொடுத்தார். அதிலும் ஆரஞ்சு நாடா.

"அண்ணே, நான் கறாரா இருந்தது கேமராவுல நல்லா தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும் தம்பி," என்றார் காவலாளி. "நேத்து வந்த சூப்பர்வைசரும் இதையேதான் கேட்டுட்டுப் போனாரு."